சொத்து விவரம்

காரிமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்
எட்டடிக் கடை.
பத்திர எழுத்தர் மாரப்பன் சொல்வார், நான் அடிப்பேன்.
சாதாரண நாளில் இரண்டு பாகப்பிரிவினை,
முகூர்த்த நாளென்றால் ஐந்து.
அண்ணன் தம்பிகள் வாசலில்
தனித்தனியாகக் காசு கொடுத்து
டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பத்திரமெல்லாம் விண்டோஸில்.
பழைய எழுத்துரு. வேறு எதில் திறந்தாலும்
செக்குபந்தி பூச்சி பூச்சியாய் ஊரும்.
ஓசூர் கம்பெனிக்காரி போனில் கேட்டது
லினக்ஸ் தெரியுமா என்று.
தெரியும் என்றேன்.
அதற்கப்புறம்தான்
தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

மடிக்கணினி ஒன்றே ஒன்று,
கிருஷ்ணகிரியில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது,
இன்னும் நாலு தவணை பாக்கி.

முதலில் குடிவைத்துப் பார்த்தேன்.
விண்டோஸ் வீட்டுக்குள்ளேயே ஓர் அறை ஒழித்து
லினக்ஸை வாடகைக்கு வைத்தேன்.
நாலு ஜிபி நினைவகம்:
ஓர் அடுப்பு, இரண்டு குடும்பம்.
இவள் உலை வைத்தால் அவள் பால் காயாது.
உள்ளே விசிறி இரைந்த இரைச்சலில்
பக்கத்து வீட்டு ருக்குமாங்கதி சுவரைத் தட்டி
"இந்நேரத்துக்கு யாருடி மாவாட்டறது?" என்றாள்.

அப்புறம் பென்டிரைவ்.
அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிற மாதிரி.
இருட்டியதும் வந்து மடங்கும்,
விடிந்தால் பட்டியைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிடும்,
பட்டாவில் ஒரு எழுத்து மாறாது.
எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
ஒரு ராத்திரி முழுக்க எழுதிவைத்த கட்டளைகள்
மறுநாள் போய்ப் பார்த்தால் இல்லை.
கிடை போன நிலத்தில்
புழுக்கையாவது மிஞ்சும்.

ஆக, பாகப்பிரிவினைதான்.
ஊருக்கெல்லாம் அடித்த கை
தன் பங்குக்கு நடுங்கியது.
ஐந்நூறு ஜிபியில் இருநூறு காலி,
பாதியைக் கொடு என்றால்
பதினொன்று தருகிறேன் என்கிறது விண்டோஸ்.
நகர்த்த முடியாத கோப்புகள்
கடைக்கோடியில் இருக்கின்றனவாம்.
இது எனக்குப் புரியும்.
பெரியாம்பட்டிக் கேசில் மூன்று ஏக்கர் நடுவே
அப்பன் சமாதி.
அதைச் சுற்றிச் சுற்றியே
இரண்டு வருஷம் சங்கிலி இழுத்தார் சர்வேயர்.

தூங்குவதற்கென்று பிடித்துவைத்திருந்த கோப்பை அழித்தேன்,
இன்னொன்றை நிறுத்தினேன்,
அணைத்து எழுப்பி மறுபடி கேட்டேன்.
நூற்றிருபதுக்கு இறங்கி வந்தது.

மாரப்பனின் பத்திரங்களை வேறொரு வட்டில் நகலெடுத்து
அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.
பேட்டரி இருபது நிமிஷம்தான் நிற்கும்,
கரண்ட் போனால் இரண்டு பங்கும் புறம்போக்கு.
ஞாயிறு ராத்திரி பதினொன்றரை.
எழுதிக்கொடுப்பவள் நான், எழுதிவாங்குபவள் நான்.
சாட்சி, கொசுவத்தி.
'தொடர்க' என்றதை
அழுத்தினேன்.

இப்போது திறந்தால் பத்து விநாடி
கேட்டுக்கொண்டு நிற்கிறது: யார்?
ஒன்றும் சொல்லாவிட்டால் மேலே இருப்பது.
அந்தப் பத்து விநாடியை நான்
முழுசாகச் செலவு செய்கிறேன்.

திங்கள் காலை, கடை. விண்டோஸ்.
பத்திரங்கள் பத்திரமாக இருந்தன.
மாரப்பன் திரையை எட்டிப் பார்த்து
"என்னம்மா, உனக்கு இன்னும் விடியலையா?" என்றார்.
சுவரில் பத்தரை.
திரையின் மூலையில் ஐந்து.
ஒருத்தி தன் கணக்குக்குக் கடிகாரத்தைத் திருப்பிவைத்துப் போக
மற்றவள் அதையே மணி என்று நம்பியிருக்கிறாள்.
வீடு ரெண்டு, வாசல் ரெண்டு,
கடிகாரம் மட்டும் ஒன்று.

எட்டு வருஷமாக அடிக்கிறேன்.
'பொதுக் கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர்
இறைத்துக்கொள்ள வேண்டியது'
என்கிற வரி இல்லாமல் ஒரு பத்திரம்
என் கையை விட்டுப் போனதில்லை.

அடுத்த பார்ட்டி உள்ளே வந்தது,
இரண்டு பேர், நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.
பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.
"கிணறு இருக்கா?" என்றேன்.